ஐயர் கையால் வாங்கிய நாலு வாழைப்பழம்

மயிலாப்பூர், வடக்கு மாட வீதி,
தாது வருஷம் கார்த்திகை மாதம் 2-ந் தேதி,
செவ்வாய்க்கிழமை ராத்திரி.

மகா ராஜ ராஜ ஸ்ரீ டாக்டர் ராஜகோபாலன் மாமா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மருமாள் விசாலாக்ஷி தலை தாழ்த்திச் செய்துகொள்ளும் நமஸ்காரங்கள்.

பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் முதல் பக்கத்தில் துக்கம் எழுதக் கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் சொல்லியிருக்கிறார். இவ்விடத்தில் யாவரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம். இவ்விடத்தில் அப்பா சுகம். அத்தைக்கு முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சுகம். என்னைப் பற்றி இரண்டாம் பக்கத்தில் எழுதுகிறேன். மாமிக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். மாமியை நான் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. உங்களுக்குக் குழந்தைகள் பிறந்திருந்தால் அவர்களுக்கு என் ஆசீர்வாதம். எனக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டதால் நான் ஆசீர்வாதம் செய்யலாம். உங்கள் வீட்டில் பசு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அதன் சுகத்துக்கும் எழுதவும். முதல் பக்கம் சீக்கிரம் தீரட்டும் என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

இது இரண்டாம் பக்கம். மாமா, உங்கள் ஆஸ்பத்திரியில் ஷஃபியுல்லா என்று ஒரு தையற்காரர் படுத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை அவருடைய வலது கையை எடுத்துவிடப் போகிறார்களாம். நீங்கள் எடுக்க விடக் கூடாது. அந்தக் கைக்கு வந்தது என்னால் வந்தது. இது அப்பாவுக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியாது, நான் உங்களுக்கு எழுதுவதும் தெரியாது. உங்கள் பெயரையே இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் சிம்னி விளக்கை வைத்து, அது வெளியே தெரியாமலிருக்க மூன்று பக்கமும் முறங்களை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். கூடத்தில் அத்தை படுத்திருக்கிறாள். அவள் இருமும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. அங்கங்கே மசி கொட்டியிருப்பதெல்லாம் அத்தையின் இருமல் என்று எடுத்துக்கொள்ளவும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன வியாழக்கிழமை, அதாவது தீபாவளிக்கு முதல் நாள், காலையிலிருந்து வானம் கரிச்சட்டி மாதிரி இருந்ததால் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். நேரே வீட்டுக்குப் போங்கள் என்று பெரிய டீச்சர் நாலு தடவை சொன்னாள். நான் நேரேதான் போயிருப்பேன். ஆனால் நீரஜா என்கிற என் சிநேகிதி, கடல் பனைமர உயரம் எழும்புகிறது என்று சொன்னாள். அவள் பார்த்ததில்லை, அவளுக்கு யாரோ சொன்னது. பனைமர உயரம் என்றால் உண்மையாகவே பனைமர உயரமா, அல்லது பேச்சுக்குச் சொல்வதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று நான் சாந்தோம் பக்கம் போனேன். மாமா, அது பேச்சுக்குத்தான். ஒரு தென்னங்கன்று உயரம் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றதில் காற்று வந்துவிட்டது. முதலில் அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டது. பிறகு என் புஸ்தகப் பையை எடுத்துக்கொண்டது. பிறகு என்னையே எடுத்துக்கொள்ளப் பார்த்தது. கச்சேரி ரோடு வழியாக ஓடி வந்தால் எங்கள் வீட்டுக்குக் கால் மணிதான்; அன்றைக்கு அந்தக் கால் மணியில் பாதி வழிகூட வரவில்லை, அதற்குள் இருட்டிவிட்டது. தூங்குமூஞ்சி மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து, எலக்ட்ரிக் கம்பிகளையும் கூட இழுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. ஓடுகள் தட்டுத் தட்டாகப் பறந்தன. தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. நான் ஒரு சந்துக்குள் ஒதுங்கி ஒரு கதவில் ஒட்டிக்கொண்டு, தெரிந்த சுலோகங்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சுலோகம் தீர்ந்துபோனதால் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தக் கதவு திறந்து, ஒரு கை வந்து என் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தது. அந்தக் கை ஹாஜிரா பீ என்கிற அம்மாளுடையது. தையற்காரரின் மனைவி. அவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது.

ஒரே அறைதான் அந்த வீடு. ஒரு மூலையில் தையல் மெஷின். தண்ணீர் உள்ளே வந்துவிட்டதால் மெஷினைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்திருந்தார்கள். அவர்களுடைய படுக்கை எல்லாம் நனைந்து கிடந்தது. ஆனால் தீபாவளிக்கென்று ஊரார் கொடுத்திருந்த துணிகள் தைத்து முடித்து, மூட்டையாகக் கட்டி, பரண் மேல் பத்திரமாக இருந்தன. எடுத்துப் போக வேண்டியவர்கள் மழையால் வரவில்லையாம். "ஊர்க்காரங்க துணி நனைஞ்சா தீவாளிக்கு இன்னாத்தக் கட்டுவாங்க?" என்று ஷஃபியுல்லா சொன்னார். அவருக்குத் தாடி பாதி நரைத்திருந்தது. ரொம்ப மெதுவாகப் பேசுகிறவர். ஜஹீதா என்று பத்து வயதில் ஒரு பெண். அவளுடைய உடுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அதன் கை எனக்கு முழங்கை வரைதான் வந்தது, அதைப் பார்த்து ஜஹீதா சிரித்தாள், எனக்கு அழுகை வந்தது, அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

என்னை அப்போதே வீட்டில் கொண்டுவிட ஷஃபியுல்லா கிளம்பினார். வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு, "ரோட்ல கம்பி அறுந்து கெடக்குது பாப்பா, காலு வெச்சா கரியாப் பூடுவோம். விடியட்டும்" என்று திரும்பி வந்தார். பிறகுதான் அதைக் கேட்டார். "பாப்பா, பசிக்குதா? இன்னா துன்றே?"

மாமா, இதற்குப் பதில் சொல்ல எனக்கு அத்தை நாலு வயதிலிருந்து பழக்கி வைத்திருக்கிறாள். யார் வீட்டில் என்ன கொடுத்தாலும், "நாங்க வெளியில சாப்பிடறதில்லை" என்று சொல்ல வேண்டும். நீரஜா வீட்டில் சொல்வேன். பெரியம்மா வீட்டில்கூட ஒரு தடவை சொல்லிவிட்டேன். வாய்ப்பாடு மாதிரி அது வாயிலிருந்து தானாக வரும். மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. இருந்தாலும் வாய் அதைச் சொல்லிவிட்டது. "நாங்க வெளியில சாப்பிடறதில்லை."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி தலையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா, ஐயரு வூட்டுப் பொண்ணு. நான் ஒரு மடையன், யோசிக்காத கேட்டுட்டேன். பின்னாண்ட தெருமொனைல சுப்புராயன் ஐயரு காபி கிளப்பு கீது. அவரு கையால குடுத்தா பாப்பா துன்னும். இதோ போய்க்கினு வந்துர்றேன்" என்று கோணியைத் தலையில் போட்டுக்கொண்டார். ஹாஜிரா பீ, "காத்து போடற சத்தம் கேக்குதா இல்லியா? ஒரு ராத்திரி துன்னாங்காட்டி அதுக்கு உசுரா பூடும்?" என்றாள். "யாரு பெத்த புள்ளயோ. நம்ம வூட்ல வந்து பட்டினியா படுக்கறதா? விடிஞ்சா அதுக்குத் தீவாளி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகாதீர்கள், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அத்தைக்கு எப்படியோ கேட்டுவிடும் என்று தோன்றிற்று. அந்தக் காற்றில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழவில்லை. வடக்கு மாட வீதியில் இருக்கும் அத்தைக்கு எப்படிக் கேட்கும்? ஆனால் தோன்றிற்று.

அவர் போன பிறகு ஹாஜிரா பீ ஜஹீதாவுக்குச் சோறு போட்டாள். சோறும் பருப்பும்தான். பூண்டு போட்டிருந்தது. ஜஹீதா அதைப் பிசைந்து சாப்பிட்டாள். ரொம்ப நிதானமாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, பார்த்து, பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜிரா பீ என்னைக் கேட்கவே இல்லை. ஒரு தட்டில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "நான் பாக்கல" என்றாள். "ஜஹீதா, நீயும் பாக்காதே." ஜஹீதா கண்ணை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மாமா, நான் சாப்பிட்டேன். மூன்று தடவை போட்டுக்கொண்டேன். தட்டை வழித்தேன். "அவுரு வர்றதுக்குள்ள வாயத் தொடைச்சிக்கோடி. உனக்குன்னு போயிருக்காரு, பார்த்தா மனசு கஷ்டப்படும்" என்று ஹாஜிரா பீ சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அதுதான் கடைசியாகச் சிரித்தது.

வெகு நேரம் கழித்துக் கதவை யாரோ காலால் உதைத்தார்கள். காபி கிளப் சுப்புராயன் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் ஷஃபியுல்லா சாய்ந்திருந்தார். நடந்ததைச் சுப்புராயன்தான் பிறகு சொன்னார். கிளப்பை மூடிவிட்டு உள்ளே படுத்திருந்தவரை இவர் கதவைத் தட்டி எழுப்பி, "சாமி, ஒரு ஐயரு வூட்டுப் புள்ள எங்க வூட்ல மாட்டிக்கினு கீது, ஒங்க கையால எதுனா குடுங்க" என்று கேட்டாராம். பழத்துக்குத் தோல் இருப்பதால் தாம் தொட்டாலும் தோஷமில்லை என்று வாழைப்பழத்தை மட்டும் தாம் வாங்கிக்கொண்டாராம். பால் செம்பைத் தொட மாட்டேன், குழந்தைக்கு ஆகாமல் போய்விடும் என்று சொல்லிவிட்டாராம். அதனால் சுப்புராயன் செம்பைத் தாமே தூக்கிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார். இருட்டில் வழி தெரியாமல் ஷஃபியுல்லா வலது கையால் மதிலைத் தடவிக்கொண்டே முன்னால் நடந்திருக்கிறார். அந்த மதில் ஊறிப் போயிருந்தது. அப்படியே அந்தக் கையின் மேல் சாய்ந்துவிட்டது. பழத்தை இடது கையில் மார்போடு சேர்த்து அணைத்திருந்தார்; அதனால் பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுப்புராயன் செம்பைத் தண்ணீர் ஏறாத ஒரு மேட்டில் வைத்துவிட்டு, தனி ஆளாகக் கல்லைப் புரட்டி அவர் கையை விடுவித்து, அவரைத் தாங்கிக்கொண்டு, செம்பையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஹாஜிரா பீ கையில் அகப்பட்ட துணியைக் கிழித்துக் கட்டினாள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். நீங்கள் டாக்டர், நீங்களே பார்ப்பீர்கள். சுப்புராயன் அவரைக் கிடத்திவிட்டுச் செம்போடு வாசலுக்குப் போய் மழையில் நின்றார். உள்ளே வருவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஹாஜிரா பீ, "சாமி, நீங்க இன்னா அங்க நின்னுக்கினு? கால் மணி நேரமா எம்புருசனத் தோள்ல சொமந்தீங்க, வூட்டு நெலப்படி இன்னா பண்ணப் போவுது?" என்று போட்டாள் ஒரு சத்தம். அவர் உள்ளே வந்துவிட்டார்.

அப்போது ஷஃபியுல்லா கண்ணைத் திறந்தார். வலியில் உதடெல்லாம் வெளுத்திருந்தது. "பாப்பா துன்னுச்சா?" என்று கேட்டார். ஹாஜிரா பீ என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "இன்னும் இல்ல" என்றாள். "குடு, குடு. ஐயரு கையால வாங்கினு வந்தது. பாப்பா, பயப்படாத துன்னு" என்றார்.

மாமா, நாலு பழம் இருந்தது. மூன்று தடவை சோறு போட்டுக்கொண்ட வயிறு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றை உரித்துத் தின்றேன். "இன்னொண்ணு" என்றார். தின்றேன். மூன்றாவதைத் தின்னும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பசியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பாவம், எம்மாம் பசி பாரு" என்று ஹாஜிரா பீயிடம் சொன்னார். நாலாவதையும் தின்றேன். "பால் ஆறிப்போறது" என்று சுப்புராயன் செம்பை நீட்டினார். அதையும் குடித்தேன். பிறகு விக்கல் எடுத்தது. வாந்தி எடுத்தால் அவர் கை வீணாகிவிடும் என்று இரண்டு கையாலும் வாயை அழுத்திக்கொண்டு விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

சுப்புராயன் என்னை உற்றுப் பார்த்து, "நீ வடக்கு மாட வீதி வக்கீல் குமாஸ்தா பொண்ணுதானே? உங்கப்பா தினம் சாயங்காலம் நம்ம கிளப்புல ரெண்டு இட்லியும் ஒரு காபியும்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாவும் வெளியில் சாப்பிடுவதில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிறகு அவர், "இதோ பாரு கொழந்தே, நான் உன்னை இங்கே பார்க்கலை. நீ உங்கப்பாவைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் கேக்கலை" என்றார். சரி என்றேன்.

விடியற்காலையில் காற்று கொஞ்சம் அடங்கிற்று. சுப்புராயன் எங்கேயோ போய் ஒரு மாட்டு வண்டி பிடித்து வந்தார். வண்டியில் ஷஃபியுல்லாவை ஏற்றிய பிறகு, ஹாஜிரா பீ தானும் ஏறுவதற்கு ஒரு காலை வைத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் இறங்கி உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்து என் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். "இன்னிக்கு ஒங்க தீவாளி. எண்ணெ வெக்காத போவக் கூடாதுல்ல? அழுவாதே. வூட்டுக்குப் போய் சுடுதண்ணி ஊத்திக்கோ" என்றாள். அப்புறம் வண்டி போய்விட்டது.

நான் என் ஈரப் பாவாடையையே திரும்பக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா ராத்திரி முழுவதும் லாந்தரோடு தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார். அவர் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தூணில் சாய்ந்துகொண்டார். "எங்கேடி இருந்தே?" என்று அத்தை கத்தினாள். நீரஜா வீட்டில் என்று சொல்லிவிட்டேன்; அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதால் அப்பா அங்கே மட்டும் போகவில்லையாம். அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் என் தலையைத் தொட்டுப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், அவள் முகமே மாறிவிட்டது. "நல்லெண்ணெய்! பாருடா தம்பி, அந்தப் புயல்லேயும் நல்ல நாளும் அதுவுமா எண்ணெய் வெக்காம அனுப்பப்படாதுன்னு அவாளுக்குத் தோணித்து பாரு! நல்ல குலத்துப் பொம்மனாட்டிதான் இப்படிச் செய்வா. ஆசாரம் இன்னும் எங்கேயும் போயிடலைடா" என்று அப்பாவிடம் சொல்லி, அந்த அம்மாள் நன்றாயிருக்க வேண்டும் என்று வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள். மாமா, நான் அந்தக் கும்பிடைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது வருகிற வெள்ளிக்கிழமை அத்தை பட்சணம் எடுத்துக்கொண்டு நீரஜாவின் அம்மாவைப் பார்த்து நன்றி சொல்லப் போகிறாளாம். அன்றைக்கு எல்லாம் தெரிந்துவிடும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். பஞ்சகவ்யம் கொடுப்பார்கள், அதை அப்பா ஆவணி அவிட்டத்தில் குடித்துவிட்டு உயிரோடுதான் இருக்கிறார், அதற்கு நான் பயப்படவில்லை. அத்தை அந்த வீட்டாரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்தான் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

நேற்றுக் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தச் சந்துக்கு ஓடினேன். ஜஹீதா மட்டும்தான் இருந்தாள். பக்கத்து வீட்டார் அவளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "பாவா கையி இம்மாம் பெருசா வீங்கிக்கீது" என்று தன் தொடையைத் தொட்டுக் காட்டினாள். அப்பாவை அவர்கள் பாவா என்கிறார்கள். "கறுப்பாப் பூடுச்சி. வியாழக்கெழம வரைக்கும் பாத்துட்டு வெட்டிருவாங்களாம். அம்மா நோம்பு வெச்சுக்கினு அங்கயே குந்திக்கினு கீது. பாவாவும் நோம்பு வெக்கணும்னு டாக்டர்கிட்ட சண்ட போடுதாம்." மேகத்தில் பிறை தெரியாமலேயே அவர்களுக்கு ரம்ஜான் நோன்பு ஆரம்பித்துவிட்டது. மெஷின் இன்னும் பெட்டி மேலேயே இருந்தது. கண் சரியாகத் தெரியாததால் பாவாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அவள்தானாம். "இனிமே யாருக்குக் கோக்கறது?" என்று என்னைக் கேட்டாள். திட்டுகிற மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்குத்தான் கேட்டாள்.

ஆகையால் மாமா, நீங்கள் நாளைக்கே அவரைப் பார்க்க வேண்டும். கட்டாயம் எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் சுண்டு விரலோடும் அடுத்த விரலோடும் நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்கவும். அத்தையின் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் பரீட்சை செய்து பார்த்துவிட்டேன். கத்தரிப்பதற்குக் கட்டை விரலும் நடு விரலும் போதும். மெஷின் சக்கரத்தைச் சுற்றுவதற்கும் அதே போதும். ஆள்காட்டி விரலும் இருந்தால் பொத்தானுக்குக் காஜா தைக்கலாம். சுண்டு விரலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமலிருந்தபோது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று நீங்கள் வாசலில் வண்டியை வைத்துக்கொண்டு நின்றீர்கள். இங்கே யாரும் விடவில்லை. அம்மா போன பத்தாம் நாள் நீங்கள் அப்பாவைக் கேட்ட கேள்விகளைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் இப்போதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். இவர் விஷயத்தில் உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள்.

என்னை அவர் விசாரித்தால், நான் முன்னாலேயே சோறு சாப்பிட்டிருந்தேன் என்பதை மாத்திரம் சொல்லிவிட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். பதில் எழுத வேண்டாம். தபால்காரன் அத்தையிடம்தான் கொடுப்பான். அப்பாவுக்கு இது எந்த ஜன்மத்திலும் தெரியக் கூடாது. இட்லி விஷயமும் யாரிடமும் சொல்லக் கூடாது. தங்களுக்கும் மாமிக்கும் தீர்க்காயுசும், வீட்டில் குறைவில்லாத தானியமும், தாங்கள் தொட்ட நோயாளிகளுக்கெல்லாம் சீக்கிரம் குணமும் உண்டாக வேண்டுமென்று கபாலீசுவரரை வேண்டிக்கொண்டு, தங்கள் பாதங்களில் இன்னொரு தரம் விழுந்து எழுந்திருக்கும்,

மருமாள்,
விசாலாக்ஷி.

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. மேலே எழுதியிருப்பதில் தாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இன்று ஏழு மணிக்குச் சுப்புராயன் எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று அப்பா செருப்பில்லாமல் வெளியே ஓடினார். சுப்புராயன் தினம் ஆஸ்பத்திரிக்குப் பால் கொண்டுபோய்க்கொண்டிருந்தாராம். விஷம் முழங்கை வரை ஏறிவிட்டதால் வியாழக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் நேற்று மூன்று மணிக்கே கையை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லையாம். இந்தப் பெண் வீட்டில் தெரியட்டும் என்று நினைத்து வந்தேன், இவளிடம் கொடுத்த வாக்கு போனாலும் போகட்டும் என்று என் பக்கம் பார்த்துச் சொன்னார். நேற்று ராத்திரி நான் விளக்கை ஏற்றியபோதே அந்தக் கை இல்லை, மாமா. பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

பிறகு மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றிற்று. கூடத்தில் நின்றுகொண்டு இந்தக் கடிதத்தை முதல் பக்கத்திலிருந்து அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். இட்லியைக்கூட விடவில்லை. அம்மாவைப் பற்றிய இடம் வந்தபோது அப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. முடிந்ததும், "தபால்ல போடாதே. உங்க மாமாகிட்ட நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன். அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போகணும்" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு, நான் இதை எழுதி முடிப்பதற்காக நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கிறார். ஆகையால் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று எங்கெங்கே எழுதியிருக்கிறதோ அதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

அத்தை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தக் கைடி?" என்றாள். வலது கை அத்தை என்றேன். அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தீட்டுக் கழியக் குளி என்று என்னைக் கிணற்றடிக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை, மாமா.